ஊரில் நிறுத்திவைத்த மின்சார கார்: ஓடியது கொஞ்சம், ரேஞ்ச் குறைந்தது ஏன்?

கோட்டையூர் வளவு எழுதியது:

நாங்கள் இருப்பது சென்னையில், பூர்வீக வீடு கோட்டையூரில். ஊருக்கு வந்தால் கோயில், உறவு வீடு என்று சுற்ற ஒரு வண்டி இருக்கட்டும் என்று மூன்று வருடங்களுக்கு முன் மின்சார கார் ஒன்று வாங்கி ஊரிலேயே விட்டிருக்கிறோம். முன்னோர் படைப்பு, கல்யாணம், பொங்கல் என்று வரும்போதுதான் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பின்தெருப் பக்கம் இருக்கும் தகரக் கொட்டகையில் நிற்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், எப்போது வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாமே என்று முழு சார்ஜிலேயே வைத்திருப்பார். ஓடியது மொத்தம் பத்தாயிரம் கி.மீ. கூட இல்லை.

முன்பெல்லாம் ஒரு முழு சார்ஜில் மதுரை போய்விட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவோம். இந்த முறை திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டுவதற்குள் எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டது. சர்வீஸில் கேட்டால் "எல்லாம் நார்மல் சார்" என்கிறார்கள். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கும் பேட்டரி வயதாகுமா? எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, கூலன்ட் சுற்றிக் குளிர்விக்கும் வகை. வண்டியின் பெயர் வேண்டாம், சண்டை வரும்.

டீசல் விசிறி எழுதியது:

பெயர் சொல்லாவிட்டாலும் சண்டை வரும். என் டீசல் வண்டியை ஆறு மாதம் பூட்டிவைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பும். உங்களுக்கு நிற்கும்போதே தேய்கிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

கல்லல் டாக்ஸி எழுதியது:

டீசல் அண்ணே, ஆறு மாதம் நின்ற டீசல் வண்டிக்கும் பேட்டரி இறங்கித்தான் இருக்கும், தள்ளித்தான் எடுத்திருப்பீர்கள்.

கோட்டையூர் அண்ணே, என்னுடையதும் எல்எஃப்பிதான். வாடகைக்கு ஓடுகிறது. காரைக்குடி ஸ்டேஷன், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் என்று தினமும் சுற்றும். ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. போன சர்வீஸில் பேட்டரி ஆரோக்கியம், எஸ்ஓஹெச் என்று சொல்வார்களே, அது தொண்ணூறுக்கு மேலேதான் காட்டியது. இரவில் வீட்டில் மெதுவாகச் சார்ஜ் போடுவேன். வெளியூர் சவாரி என்றால் மட்டும் ஃபாஸ்ட் சார்ஜர். உங்கள் வண்டி ஓடாததுதான் பிரச்சினையோ என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் படித்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. நான்குவழிச் சாலையில் ஏறியதும் நூறைத் தாண்டி அழுத்துகிறவராக இருந்தால் ரேஞ்ச் அங்கேயே போய்விடும். டயர் காற்றையும் பாருங்கள். பேட்டரியைச் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம்.

சிக்ரி ரோடு எழுதியது:

கல்லல் தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பேட்டரிக்கு இரண்டு வகையில் வயதாகும்: ஓடி ஓடி ஆவது ஒன்று, சும்மா நாள் கழிந்தே ஆவது இன்னொன்று. நம் ஊர்ப் பக்கம் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கு இரண்டாவதுதான் பெரிய செலவு.

உள்ளே நடப்பது இதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நெகட்டிவ் முனையான கிராஃபைட் பக்கம் போய் ஒதுங்குகின்றன. அந்தக் கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். அது இல்லாவிட்டால் பேட்டரியே வேலை செய்யாது. ஆனால் அந்தப் படலம் வளர்வதை நிறுத்துவதில்லை. வளர்வதற்கு லித்தியத்தைத் தின்னும். தின்றது திரும்ப வராது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடந்துகொண்டே இருக்கும். வேகத்தைக் கூட்டுபவை இரண்டு: சூடு, நிறைந்த சார்ஜ். வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்கு, பத்து டிகிரி கூடினால் வேகம் சுமார் இரட்டிப்பு. சித்திரை மாதம் வெளியே நாற்பது டிகிரி என்றால் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய் நின்று பாருங்கள்.

கூலன்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அணைத்து நிறுத்திய வண்டியில் பெரும்பாலும் அந்தப் பம்பு ஓடாது. ஓட்டும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான் அது காவல்.

சூடு செய்யும் வேலைக்கு உலகறிந்த சாட்சி நிஸான் லீஃப். காற்றுக்குளிர்ச்சியைக்கூட முறையாகச் செய்யாமல் விட்ட பேட்டரி. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்து வெயிலில் ஒன்றிரண்டு வருடத்திலேயே கொள்ளளவு குறைகிறது என்று 2012-ல் பெரிய கூச்சல் எழுந்தது. அதற்குப் பிறகுதான் கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதமே கொடுத்தார்கள். ஜியோடேப் என்ற நிறுவனம் 6,000-க்கும் மேற்பட்ட வண்டிகளின் தரவை வைத்து 2020-ல் சொன்ன சராசரி, வருடத்துக்கு 2.3% இழப்பு. அதிலேயே 2015 லீஃபுக்கு 4.2%, திரவக் குளிர்ச்சி உள்ள அதே வருட டெஸ்லா மாடல் எஸ்ஸுக்கு 2.3%.

ஓடாதது பற்றிக் கேட்டீர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் ஒரே சீராகச் சார்ஜை இறக்கிச் சோதித்ததைவிட, நிஜச் சாலையைப் போல நின்று, கிளம்பி, பிரேக் பிடித்து ஓட்டிய செல்கள் 38% வரை கூடுதல் ஆயுள் காட்டின. சாதாரண வீட்டுக்காரர் வண்டிக்கு ஓட்டத்தைவிட நாள்தான் முக்கியம் என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். காரைக்குடி நெரிசலில் கல்லல் தம்பி தினமும் செய்வது அந்த நின்று கிளம்பும் ஓட்டம்தான்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் அறிவியல் என்று நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட நம் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டித்தான் தினமும் கார் ஓட்டிப் போகிறோம்.

கோட்டையூர் வளவு எழுதியது:

சார், குழப்பமாக இருக்கிறது. எல்எஃப்பி என்றால் நூறு சதவீதம் போடலாம், போட வேண்டும் என்றுதானே மேனுவலிலேயே இருக்கிறது? நீங்கள் நிறைந்த சார்ஜ் கூடாது என்கிறீர்கள்.

சிக்ரி ரோடு எழுதியது:

இரண்டும் சரிதான். போட வேண்டும், போட்டபடியே மாதக்கணக்கில் வெயிலில் வைக்கக் கூடாது.

எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்டச் சமதளம். 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் 3.2, 3.3 வோல்ட் என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் வண்டியின் மேலாண்மைக் கணினி, அதாவது பிஎம்எஸ், எவ்வளவு மிச்சம் என்பதை வோல்டேஜைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழுதாக நிறையும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று எழும்பும், கணக்கும் நேராகும். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான். பேக்கில் செல்கள் தொடராகக் கோத்திருக்கும். ஒன்று முதலில் நிறைந்துவிட்டால் சார்ஜ் நின்றுவிடும், ஒன்று முதலில் காலியானால் வண்டி நின்றுவிடும். ஆக, சமன் கெட்ட பேக் உண்மையில் தேயாமலேயே தேய்ந்ததுபோல் நடிக்கும்.

ஆகவே உங்கள் ரேஞ்சில் எவ்வளவு நிஜ இழப்பு, எவ்வளவு கணக்குப் பிழை என்று பிரிக்க வேண்டும். மெதுவான சார்ஜரில் போட்டு, 100 காட்டிய பிறகும் பிளக்கைப் பிடுங்காமல், வண்டியே "முடிந்தது" என்று நிறுத்தும்வரை விடுங்கள். பிறகு வழக்கமான வேகத்தில் பத்து, பதினைந்து சதவீதம்வரை ஓட்டி மறுபடி முழுதாக ஏற்றுங்கள். இப்படிச் சில முறை. அதன் பிறகும் குறைவு என்றால் அது நிஜம்.

என்எம்சி, அதாவது நிக்கல் மாங்கனீசு கோபால்ட் பேட்டரி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து நூறு போட ஆரம்பிக்க வேண்டாம். அவர்களுக்குத் தினசரிக்கு எண்பது போதும். எல்எஃப்பியும் சாகாவரம் பெற்றதில்லை. கனடாவில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டான் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வு, எப்போதும் உச்சியிலேயே ஏற்றி இறக்கும் எல்எஃப்பி செல்கள் சீக்கிரம் தேய்வதாகச் சொல்கிறது, சூட்டில் இன்னும் மோசம்.

புதுவயல் ஒயர்மேன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். கோட்டையூர் சார், உங்கள் அண்ணனிடம் கேளுங்கள்: சார்ஜ் போடும்போது அந்தக் கேபிள் பெட்டியில் இடையில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

கோட்டையூர் வளவு எழுதியது:

கேட்டேன். "ராத்திரி எரியும், காலையில் பிடுங்கிச் சொருகினால் சரியாகிவிடும், அப்போது 98, 99 காட்டும், அத்தோடு எடுத்துவிடுவேன்" என்கிறார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

புதுவயல் ஒயர்மேன் எழுதியது:

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கார் சார்ஜர் மாட்டப் போனால் பாதி இடத்தில் இதே கதைதான். எர்த்து. அது சரியில்லை என்றால் பெட்டி சார்ஜை நிறுத்திச் சிவப்பு விளக்கு காட்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் மரச் சட்டத்தில் ஓடும் வயரிங்கை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இரண்டு வயர்தான் இருக்கும், எர்த்து வயரே கிடையாது. சில வீட்டில் பிற்பாடு ஏசி போட்டபோது இழுத்திருப்பார்கள். மீட்டர் முகப்பில், கார் நிற்பது அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நாற்பது மீட்டர் வயர். அந்த நாற்பது மீட்டரும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் போக வரச் சேர்த்து ஏறக்குறைய ஒரு ஓம் தடை. 12 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட் வழியிலேயே விழும். 140 வாட் வரை சூடாக வீணாகும், அதுவும் இரவெல்லாம், காய்ந்த மரச் சட்டத்துக்குள். எனக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் நாலரை வோல்ட்டோடு முடிந்துவிடும். பிளக் டாப்பைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். கார் சார்ஜ் செய்ய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சரியான முறை, மீட்டர் போர்டிலிருந்தே தனி லைன். அதிக கரண்ட் போனால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபியில் டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சும்மா கேட்டால் டைப் ஏசியை எடுத்துத் தருவார்கள். கார் சார்ஜரிலிருந்து டிசி கசிவு வந்தால் அந்த ஏசி வகைக்குக் கண் தெரியாது.

அடுத்து எர்த்துக் குழி. நம் மண் செம்மண், சில இடத்தில் மூன்றடி தோண்டினாலே செம்பூரான் கல். ஈரம் நிற்காது. மழைக்காலத்தில் எர்த்து நன்றாகக் காட்டும், மாசி பிறந்ததும் போய்விடும். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டுவது பங்குனி, சித்திரையில் அதிகம் என்பதைக் கவனித்தால் புரியும். ஜிஐ பைப்பு இறக்கி, கரி உப்புப் போட்டு, வெயில்காலத்தில் வாரம் ஒருமுறை குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய முறை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் ஊற்றுவார்கள்? அந்த மாதிரி வீட்டுக்கு நான் பென்டோனைட் களி நிரப்பும் எர்த்துதான் சொல்வேன். மீட்டர் வைத்து அளந்து ஐந்து ஓமுக்குள் வந்தால்தான் எனக்குத் திருப்தி.

ஒரு குறுக்குவழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் சிவப்பு விளக்கு போய்விடும். சிலர் செய்து காசும் வாங்கிப் போகிறார்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க கரண்ட். கதவைத் தொடுகிறவன் கதி அவ்வளவுதான்.

இப்போது உங்கள் விஷயம். இரவு நடுவில் நின்றுபோகிறது, காலையில் 98-ல் பிடுங்கிவிடுகிறார்கள். சிக்ரி ரோடு சார் சொன்ன அந்த உச்சிச் சமன் உங்கள் வண்டிக்கு வருடக்கணக்கில் நடக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

சிக்ரி ரோடு எழுதியது:

அருமை. இது எனக்குத் தோன்றவே தோன்றாது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

எல்லோரும் பெரிய பேட்டரியையே பேசுகிறீர்கள். என்னை நடுவழியில் நிறுத்தியது சின்ன பேட்டரி. மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தேன். ரிமோட்டை அழுத்தினால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் அறுபது சதவீதம் இருக்கிறது, ஆனால் 12 வோல்ட் செத்துவிட்டதால் வண்டி ஜடம். ரிமோட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்து, பக்கத்து வீட்டு காரிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஜம்ப் கொடுத்து எழுப்பினோம். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை மூடுவதே அந்தச் சின்னதுதானாம். சூடான ஊரில் மூன்று வருடம் ஆனாலே சோதித்துப் பார்த்துவிடச் சொன்னார்கள். மொபைலில் வண்டி எங்கே என்று காட்டும் வசதிகள் எல்லாம் நிற்கும்போதும் இதையேதான் உறிஞ்சும்.

மற்றபடி தினமும் ஓட்டுகிற வண்டிக்குச் செலவு குறைவு, இதில் பொய் இல்லை. எஞ்சின் ஆயில், ஃபில்டர், பெல்ட், கிளட்ச் எதுவும் இல்லை. ஆனால் "பராமரிப்பே கிடையாது" என்று ஷோரூமில் சொல்வதை நம்ப வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரேக் பேடு அவ்வளவாகத் தேயாது, ஏனென்றால் காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனாலேயே டிஸ்க் துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் நிறுத்தி எடுத்தால் கரகரவென்று சத்தம் வரும். ஆளில்லாத நேரான ரோட்டில் சில முறை அழுத்திப் பிடித்தால் போய்விடும். ஏசி கேபின் ஃபில்டர் செம்மண் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஏசி கேஸ் குறைந்தால் நமக்கு மட்டும் வேர்க்காது. என் வண்டியில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே ஏசிதான்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். நம் ஊர்த் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படிகிறது. கம்பெனி சொல்லும் வகை மட்டும்.

அப்புறம் எலி. பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டி என்றால் அது எலிகளுக்குப் பங்களா. பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயர் கடிபட்டிருந்தால் யாரும் கைவைக்கக் கூடாது, அது உயர் மின்னழுத்தம். கம்பெனி ஆள்தான் தொட வேண்டும்.

தேவகோட்டை பஞ்சர் கடை எழுதியது:

ஆச்சி சொன்னதோடு டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகள் கனம். கிளம்பும்போதே முழு இழுவை. முன் சக்கரம் ஓட்டும் வண்டியில் முன் டயர் சீக்கிரம் வழுக்கையாகிறது. ரொட்டேஷன், அலைன்மென்ட் தள்ளிப்போடாதீர்கள். மாதக்கணக்கில் நின்றால் டயர் ஒரே இடத்தில் சப்பையாகும்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள். நடுவில் இருப்பது பேட்டரிப் பெட்டி, அதை நசுக்கினால் பஞ்சர் காசில் ஈடுகட்ட முடியாது. ஓரத்தில் குறி இருக்கும். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் தயாரிக்கும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரிதான் சரி.

டீசல் விசிறி எழுதியது:

கிண்டலை விட்டுவிட்டுக் கேட்கிறேன். மருமகன் பழைய மின்சார கார் ஒன்று பார்த்திருக்கிறார், நாலு வருட வண்டி. பேட்டரி போனால் வண்டி விலையில் பாதி போய்விடும் என்கிறார்கள். எந்த தைரியத்தில் வாங்குவது?

கல்லல் டாக்ஸி எழுதியது:

அண்ணே, இங்கே விற்கும் கார்களில் பலவற்றுக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம், எது முதலில் வருகிறதோ அது. அது அடுத்த கைக்கு மாறும்போதும் தொடர்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சிலவற்றில் முதல் உரிமையாளருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு இன்னொன்று. சர்வீஸைத் தவறாமல் செய்த ரசீது இல்லாவிட்டால் உத்தரவாதத்தில் தகராறு வரும். எஸ்ஓஹெச் ரிப்போர்ட் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். விற்பவர் தர மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். வாடகைக்கு ஓடியது என்பதற்காக ஒதுக்காதீர்கள், இது என் சொந்தக் கட்சிதான், இருந்தாலும் சொல்கிறேன். தினமும் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே வாழ்ந்த வண்டியா, வீட்டில் மெதுவாக ஏற்றிய வண்டியா என்பதுதான் விஷயம்.

சிக்ரி ரோடு எழுதியது:

ஃபாஸ்ட் சார்ஜைப் பற்றி ஒரு கணக்கு. முப்பது யூனிட் பேட்டரிக்கு வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் போவது மணிக்கு மூன்று யூனிட்டுக்குள். ஐம்பது கிலோவாட் சார்ஜரில் அதைப்போல பதினைந்து மடங்குக்கும் மேல் அழுத்தம், அதற்கேற்ற சூடு. எப்போதாவது போட்டால் ஒன்றும் ஆகாது, பிஎம்எஸ் சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மதியத்தில் நூறு கி.மீ. வேகத்தில் வந்து இறங்கிய கையோடு போடுவதைத் தவிர்த்தால் நல்லது. எண்பதுக்கு மேல் வேகமும் குறைந்துவிடும், உங்கள் நேரம்தான் வீண்.

பேட்டரி இழப்பு பெரும்பாலும் நேர்க்கோட்டில் இறங்காது. முதல் வருடத்தில் சற்று வேகமாக இறங்கி, பிறகு நிதானமாகும். நாலு வருட வண்டி அந்த முதல் சரிவைத் தாண்டிவிட்டது என்பதால் எனக்குப் பயமில்லை. பழுது என்றாலும் பல நேரம் முழு பேக்கும் போவதில்லை, ஒரு மாட்யூல் மாற்றிச் சரிசெய்ய முடியும். அதற்கு உள்ளூரில் ஆள் இல்லாததுதான் இப்போதைய குறை. பேக் விலையும் இறங்குகிறது. ப்ளூம்பெர்க் கணக்கெடுப்பில் 2024-ன் உலகச் சராசரி யூனிட்டுக்கு 115 டாலர். அது தயாரிப்பாளருக்கான விலை. சர்வீஸ் சென்டரில் நமக்குச் சொல்லும் விலை வேறு உலகம், அதில் டீசல் விசிறி பயப்படுவது நியாயம்.

ஜொகூர் வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து. எங்கள் அப்பச்சிக்காகக் கண்டனூரில் ஒரு மின்சார கார் வாங்கினோம், இப்போது அவர்களும் எங்களோடு வந்துவிட்டார்கள். நான்கு மாதம் வண்டி சும்மா நிற்கும். பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, அவருக்கு ஓட்டத் தெரியாது. என்ன சொல்லிவிட்டு வருவது?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை தம்பி. கிளம்பும்போது ஐம்பது சதவீதத்தில் விட்டுவிட்டு வாருங்கள், சார்ஜரைச் சொருகியே வைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, "ரெடி" என்று வரும்வரை ஆன் செய்து அரைமணி நேரம் விடட்டும். அப்போது பெரிய பேட்டரி சின்னதைச் சார்ஜ் செய்துகொள்ளும். கியரை மட்டும் தொடக் கூடாது, கொட்டகைச் சுவர் முக்கியம். முப்பதுக்குக் கீழே இறங்கினால் திரும்ப ஐம்பதுக்கு ஏற்றிவிடட்டும். கைபிரேக்கை மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், சமதரை என்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றலாமா என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது, மேனுவலில் பாருங்கள்.

சிக்ரி ரோடு எழுதியது:

நிழல். முடிந்தால் தகரத்தின் மேல் கீற்று வேய்ந்துவிடுங்கள், ஒரு கோடைக்குத் தாங்கும். மெட்ராஸ் தளம் (செங்கல், சுண்ணாம்புக் கூரை) போட்ட பழைய வண்டிக் கொட்டடி இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நம் முன்னோர் காருக்காகக் கட்டவில்லை என்றாலும் எல்எஃப்பிக்குப் பொருத்தமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கோட்டையூர் வளவு எழுதியது:

தகவல் சொல்ல வந்தேன். புதுவயல் ஒயர்மேன் சார் வந்து பார்த்தார். சாக்கெட்டில் எர்த்து முனை வெறும் அலங்காரம், எதனோடும் சேரவில்லை. மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, பின்தெருவில் புது எர்த்து போட்டாயிற்று. சிவப்பு விளக்கு வருவதில்லை. முதல் தடவை 100 காட்டிய பிறகும் நெடுநேரம் ஏதோ ஏறிக்கொண்டே இருந்தது. அண்ணன் பயந்துபோய் போன் செய்தார். சிக்ரி ரோடு சார் சொன்னபடி ஏற்றி இறக்கிச் செய்ததில் ரேஞ்ச் கணிசமாகத் திரும்பியது. முழுதாக இல்லை. சர்வீஸில் விடாமல் கேட்டு எழுத்தில் வாங்கிய எஸ்ஓஹெச் 92. மூன்று வருடம், பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டம்.

டீசல் விசிறி எழுதியது:

ஒரு லட்சம் ஓடிய கல்லல் வண்டிக்கும் தொண்ணூறு சொச்சம், பத்தாயிரம்கூட ஓடாத உங்கள் வண்டிக்கும் தொண்ணூறு சொச்சமா!

கல்லல் டாக்ஸி எழுதியது:

அதைத்தானே அண்ணே முதலிலிருந்து சொல்கிறேன். மருமகன் பார்த்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது?

டீசல் விசிறி எழுதியது:

சிவகங்கையில். வீட்டு மொட்டைமாடி நிழலில் நிறுத்துகிறார்களாம், தினமும் பள்ளிக்கூடம் போய்வந்த வண்டி. ரிப்போர்ட் தரச் சம்மதித்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை போகிறோம், நீங்களும் வர முடியுமா? பெட்ரோல் காசு, இல்லை, கரண்ட் காசு நான் தருகிறேன்.

கல்லல் டாக்ஸி எழுதியது:

சனி காலை குன்றக்குடிக்கு ஒரு சவாரி இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் என்றால் வருகிறேன். 12 வோல்ட் சோதிக்கும் மீட்டரையும் எடுத்து வருகிறேன். விற்பவரிடம் வண்டியை அதற்கு முன்தினம் நூறு போட்டு வைக்க வேண்டாம், முப்பதில் விடச் சொல்லுங்கள். நம் கண்ணெதிரே சார்ஜ் ஏறுவதையும் பார்க்க வேண்டும்.